பேப்பர் வெளுத்த புனிதம்

தொண்ணூற்றிரண்டு மார்கழியில் எங்கள் வளவுக் கொடியில் உடுப்புக் காயவில்லை. பச்சை, நீலப் பேப்பர்தான் காய்ந்தது. தெருவால் போனவர்கள் சைக்கிளை நிறுத்தி, "விமலேஸ்வரி, உங்களுக்கு என்ன பிடிச்சது?" என்று கேட்டார்கள். பிடித்தது எனக்கில்லை, புனிதத்துக்கு.

புனிதம் முல்லைத்தீவுக் கடற்கரைப் பிள்ளை. தொண்ணூறில் சண்டை தொடங்கியதும் புருசன் யாக்கோப்புவோடு இரணைமடுப் பக்கம் வந்து சேர்ந்தாள். வளவு மூலையில் கொட்டில் போட நான்தான் இடம் கொடுத்தேன். கூரை வேயக் கிடுகு கொடுத்தேன், பாய் கொடுத்தேன், உடுத்த சீலை கொடுத்தேன். கொடுத்ததை நாலு பேருக்குச் சொல்லியும் காட்டினேன், அதை ஒளிப்பானேன். யாக்கோப்பு கடலை விட்டுக் குளத்தில் வலை போட்டான். குளத்து மீனுக்கு ருசியே இல்லை என்று திட்டித் திட்டியே பிடித்தான். புனிதம் யார் எதைக் கொடுத்தாலும் தலையைக் குனிந்து, "பெரிய உபகாரமக்கா" என்பாள். அதற்குமேல் ஒரு கதையும் இராது.

அந்த வருசம் எங்கள் பக்கத்துச் சின்ன வேதக்கோயிலில், இயேசு பிறந்த நத்தாருக்குப் பாலன் குடிலின் பின்னால் வைக்கும் காட்சியை யார் செய்வது என்று மூப்பர் தவராசா கேட்டிருக்கிறார். கோயில் காரியமெல்லாம் அவர் பொறுப்பு. புனிதம் எழும்பி, தான் செய்வதாகச் சொல்லிவிட்டாள். வர்ணம் வாங்க வழியில்லை, கடையில் ஒன்றும் வராத காலம். பழைய சீமெந்துப் பையை விரித்து, திருவிழாவில் கட்டிய கொடிகளின் மெல்லிய ரிசுப் பேப்பரைத் துண்டு துண்டாக ஒட்டுவதாக முடிவு. பசைக்கு விளாம்பிசின்.

"இவ்வளவு காலமும் வாங்கிக்கொண்டே இருக்கிறமக்கா. இது ஒண்டாவது நாங்கள் குடுக்கிறதா இருக்கட்டும்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

ஒரு கிழமையில் ஒட்டி முடித்துக் கொட்டில் சுவரில் சாத்தினாள். மூன்று வரிசை மலை. முன்மலை வெளிர்பச்சை, நடுமலை கடும்பச்சை, கடைசி மலை கன்னங்கரிய நீலம். மூன்றும் ஒரே இடத்தில் நெருக்கியடித்து நின்றன.

"புனிதம், கடைசி மலை பாலன்ர தலையில விழப்போகுது" என்றேன்.

"ஏனக்கா? தூரம் எண்டால் கறுக்கத்தானே வேணும்?"

யாக்கோப்புவும் சேர்ந்துகொண்டான். "கரைத் தண்ணிதானக்கா வெளிறல். போகப் போகக் கறுக்கும். ஆழக்கடல் மை மாதிரி. உங்களுக்குக் கடல் தெரியாது."

எனக்குக் கடல் தெரியாதுதான். மலை விழப்போவது மட்டும் தெரிந்தது. ஏன் விழுகிறது என்று சொல்லத் தெரியவில்லை. அவளுக்கும் கோபம், எனக்கும் கோபம். அன்று இரண்டு வீட்டுக்கும் இடையில் கறி மாறவில்லை.

நத்தாருக்கு முந்தின ஞாயிறு தவராசா பார்க்க வந்தார். பார்த்தார், தாடையைச் சொறிந்தார், "பாப்பம் பிள்ளை" என்றார். படலையடியில் என்னிடம், "வருசாவருசம் பின்னால கட்டுற பழைய நீலச் சீலையைத் தோய்க்கச் சொல்லிப்போட்டன், அதையே கட்டுவம்" என்று மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னது அவளுக்குக் கேட்டுவிட்டது. கொட்டிலுக்குள் போய் அழுதாள். எனக்கும் சோறு இறங்கவில்லை.

மறுநாள் விடிய, யாக்கோப்புவுக்குத் தேத்தண்ணி கொண்டு குளக்கட்டுக்குப் போனவள் போத்தலோடேயே ஓடி வந்தாள். "வாங்கோக்கா, வாங்கோ" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பனி இன்னும் விலகவில்லை.

"அங்க பாருங்கோ. கிட்ட நிக்கிற மருதில ஒவ்வொரு இலையும் தெரியுது. அங்கால நிக்கிறதில பச்சை மட்டும்தான், இலை இல்லை. அதுக்கும் அங்கால புகை. கடைசி வரிசை வானத்தோட சேந்திட்டுது. தரை தூரப் போக வெளுக்குதக்கா! கடல்தான் கறுக்கிறது."

இருபது வருசமாக அந்தக் குளக்கட்டில் நடக்கிறேன். ஒருநாளும் நான் அதைக் காணவில்லை. தோணியில் நின்ற யாக்கோப்பு, "இஞ்சரப்பா, தேத்தண்ணி எங்க?" என்று கத்தினான். ஒருவரும் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் பேப்பர் வெளுப்பு. முன்வரிசை மரத்துக்குத் தண்ணீர் படாத பேப்பர். அடுத்த வரிசைக்கு ஒருதரம் நனைத்துச் சாயம் போக்கியது. அதற்கடுத்ததுக்கு இரண்டுதரம். கடைசி வரிசைக்குப் பச்சையையும் நீலத்தையும் ஒரே வாளியில் ஊறவைத்து, நிறம் இருக்கிறதோ இல்லையோ என்று சந்தேகப்படும் பதத்தில் எடுத்தாள். மழை விட்ட நேரம் பார்த்துக் கொடியில் போட்டாள். முன்மரத்து இலைகளைச் சவரப் பிளேட்டால் வெட்டினாள். தூரத்து மரங்களைச் சின்னதாக்கி, விளிம்பைக் கையாலேயே கிழித்தாள். "வெட்டினால் கிட்ட வந்திடுமக்கா" என்றாள். ஒரு வரிசை மற்றதைக் கொஞ்சம் மறைக்கும்படி, பின்னாலிருந்து முன்னுக்கு ஒட்டிக்கொண்டு வந்தாள். மலை போய், காடும் குளமும் வந்துவிட்டன. பெத்லகேமில் மருதமரம் நின்றதா என்று நான் கேட்கவில்லை. வாயைக் கொடுத்துப் பட்டது போதும்.

நத்தாருக்கு முதல்நாள் காலை அதைக் கோயிலில் நிமிர்த்தினார்கள். தவராசா பாலன் சுரூபத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வைக்க மறந்து நின்றார். பிறகு, "பிள்ளை, இதுக்குள்ளால ஒரு நாள் முழுக்க நடக்கலாம் போல கிடக்கு" என்றார். நீலச் சீலையை ஒருவரும் தேடவில்லை. நான் சைவக்காரி, ஆனாலும் கண் கலங்கியது.

தை பிறக்க, ஆட்கள் கொட்டிலைத் தேடி வரத் தொடங்கினார்கள், வீட்டுச் சுவருக்கு ஒன்று வேண்டுமாம். நானும் போய், எனக்கும் ஒன்று செய் என்றேன். வளவுக்காரிக்கு முதலில் கிடைக்கும் என்ற நினைப்பு. புனிதம் பிசினைக் கிண்டிக்கொண்டே, தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

"மூண்டு பேர் முன்னுக்கு நிக்கினமக்கா. உங்களுக்கு மாசி முடியத் தாறன்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். என் வளவில் இருந்துகொண்டு எனக்கே வரிசையா என்று விறுவிறுவென்று திரும்பி நடந்தேன். கிணற்றடி தாண்டும்போதுதான் அவள் சொன்னது எனக்கு உறைத்தது. தாறன் என்றாள். இரண்டு வருசமாக அவள் வாயில் நான் கேட்காத சொல். கோபம் போன இடம் தெரியவில்லை, சரியான சந்தோசமாக இருந்தது. மாசி முடியுமட்டும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.