மிளகாய் நெடி வந்த வழி

மாடி ஏறினால் மூச்சு முட்டுகிறது என்று என் மனைவி சொன்னபோதெல்லாம் நாங்கள் படிக்கட்டைத்தான் குறை சொன்னோம். படி செங்குத்து, உனக்கு எடை கூடிவிட்டது, மெதுவாக ஏறு. டாக்டரும் எடையைக் குறைக்கச் சொன்னார். அவள் சோற்றைக் குறைத்தாள், எடையும் குறைந்தது, மூச்சு மட்டும் முட்டிக்கொண்டே இருந்தது. வீசிங் முற்றிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்துத் திரும்பிய பிறகு, கருவடிக்குப்பத்தில் இருக்கும் எங்கள் மகள், "அம்மா கொஞ்ச நாள் எங்கூட இருக்கட்டும்ப்பா" என்று அழைத்துக்கொண்டு போய்விட்டாள். அங்கே போய் ஒரு வாரத்திலேயே இருமல் நின்றது. எனக்கு நிம்மதிதான். ஆனால் நம் வீட்டில்தான் ஏதோ கோளாறு என்று ஆகிவிட்டதே, அது சுருக்கென்று குத்தியது.

அதற்குப் பிறகு என் பிழைப்பு ஸ்கூட்டரில் கழிந்தது. காலையில் முதலியார்பேட்டை வீட்டைப் பூட்டிக்கொண்டு லாஸ்பேட்டை ஆபீஸ். சாயங்காலம் அங்கிருந்து மகள் வீடு. சாப்பிட்டுவிட்டு, மருமகனிடம் பேச வேறெதுவும் இல்லாமல் மழை வருமா வராதா என்று பேசிவிட்டு, ஊரைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் முதலியார்பேட்டை. போதும் போதும் என்றாகிவிட்டது. இடுப்பு விட்டுப்போனது. மனைவி வாசல் வரை வந்து "பாத்துப் போங்க" என்பாள். அங்கே அவளுக்கு ஒரு குறையும் இல்லை. மகள் அலமாரியில் ஒரு தட்டையே ஒழித்துக் கொடுத்திருந்தாள். ஆனாலும் என் மனைவி புடவைகளைக் கொண்டுவந்த பையிலேயே மடித்து, கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள்.

ஒரு நாள் சாப்பாட்டின் நடுவே மகள் கேட்டே விட்டாள். "அந்த வீட்டப் பூட்டிட்டு நீயும் இங்கயே பக்கத்துல வந்துடேன்ப்பா. எதுக்கு இந்த அலைச்சல்?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பொங்கல் வரைக்கும் பாக்கலாம்" என்றாள். "அதுக்குள்ள ஒரு வழி தெரியலன்னா பூட்டிடலாம்."

நாங்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கட்டிய வீடு. அவள் அதை அவ்வளவு சாதாரணமாகச் சொன்னதில் எனக்குக் கோபம் வந்தது. மூச்சு விட முடியாதவளிடம் கோபப்பட்டு என்ன செய்வது? மோர் ஊற்றிக்கொண்டு சாப்பிட்டு எழுந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கும் போகவில்லை, வீட்டிலேயே ரசம் வைத்தேன். காய்ந்த மிளகாயைத் தாளிப்பில் கருக்கிவிட்டேன். அவசரமாக சிம்னியைப் போட்டதும் சமையலறையில் நெடி அடங்கியது. அப்பாடா என்று சட்டையை மாற்ற மாடிக்குப் போய் அறைக்கதவைத் திறந்தால், தொண்டை கமறியது. அடுப்பு கீழே, நெடி மேலே. அறை முழுக்க அதுதான்.

அப்போதுதான் அந்தக் குழாய் ஞாபகம் வந்தது. எங்கள் சமையலறைக்கு வெளிச்சுவர் கிடையாது. பின்பக்கம் பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டி நிற்கிறது. அந்த வீட்டுக்காரர்கள் பிரான்சில் இருக்கிறார்கள், வீடு பூட்டிக் கிடக்கிறது. அந்தப் பக்கம் ஓட்டை போட யாரைக் கேட்பது? அதனால் சிம்னி மாட்டியவர்கள் தகரக் குழாயை நேரே மேலே ஏற்றி, எங்கள் படுக்கையறை மூலை வழியாக மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று பிளைவுட் அடித்து மூடி, பெயின்டும் அடித்தாயிற்று. அதோடு எல்லாரும் அதை மறந்துபோனோம்.

பிளைவுட்டைக் கழற்றினேன். குழாய் துண்டு துண்டாக ஒன்றுக்குள் ஒன்று செருகியிருந்தது. ஒவ்வொரு இணைப்பிலும் எண்ணெய் வழிந்து பழுப்பாக உறைந்திருந்தது. கீழே சிம்னியை ஓடவிட்டு, ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி இணைப்புக்குப் பக்கத்தில் பிடித்தேன். நேரே ஏறிக்கொண்டிருந்த புகை சட்டென்று என் முகத்துப் பக்கம் சாய்ந்தது. குழாய் ஊதிக்கொண்டிருந்தது.

சமையலை முடித்துவிட்டு, இடுப்பு வலிக்கிறதென்று இங்கேதான் அவள் வந்து படுப்பாள். தான் தாளித்ததையெல்லாம் தானே படுத்துக்கொண்டு இழுத்திருக்கிறாள். நாங்கள் என்னடாவென்றால் படிக்கட்டைக் குறை சொன்னோம். அதே அறையில்தான் நானும் தூங்கினேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

சிம்னி மாட்டியவருக்குப் போன் செய்தேன். "நாளைக்கு வரேன் சார்" என்றார். அந்த நாளை வரவே இல்லை. பார்சல் ஒட்டும் பழுப்பு டேப்பை வாங்கிச் சுற்றினேன். குழாய் சூடானதும் அது தளர்ந்து, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. மறுபடியும் டேப் வாங்கப் போனபோது ஹார்டுவேர் கடைக்காரர் கேட்டார், "எதுக்கு சார் இத்தன டேப்பு? இன்னா ஒட்டப் போறீங்க?" சொன்னேன். உள்ளே போய், வெள்ளி மாதிரி மினுங்கும் அலுமினிய டேப் ஒரு சுருள் கொண்டுவந்து வைத்தார். சூடு தாங்குமாம். எதற்கென்று இவர் முதலிலேயே கேட்டிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். நான் சொல்லியிருந்தால்தானே அவருக்குத் தெரியும்.

அந்த டேப் என் உயிரை வாங்கியது. எண்ணெய்ப் பிசுக்கின் மேல் ஒட்டவே மாட்டேன் என்றது. பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வெந்நீருமாகத் தேய்த்துத் தேய்த்துக் கை வெளுத்தது. காயவிட்டு மறுபடியும் ஆரம்பித்தேன். பின்பக்கக் காகிதத்தை உரித்ததும் அது தன்னோடு தானே ஒட்டிக்கொண்டது. விரித்தால் கிழிந்தது. அதன் ஓரம் விரலைக் கீறியது. கொஞ்சம் கொஞ்சமாக உரித்துச் சுற்றி, சுருக்கம் விழாமல் ஸ்பூனின் முதுகால் அழுத்தித் தேய்த்தால்தான் ஒட்டும் என்று தெரிந்துகொள்வதற்குள் பாதிச் சுருள் குப்பைக்குப் போயிருந்தது. ஆபீஸ் விட்டு வந்து தினம் ஒரு இணைப்பு. ஸ்டூலில் நின்று கழுத்து பிடித்துக்கொண்டது. கடைசி இணைப்பு முடிந்ததும் ஊதுவத்தி காட்டினேன். புகை நேரே ஏறியது. சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை.

குழாய் விஷயத்தைச் சொன்னதும், போகிக்கு இரண்டு நாள் முன்னால் மனைவி சோதித்துப் பார்க்க வந்தாள். மகள் வாசலில் இறக்கிவிட்டுப் போனாள். கையில் ஹேண்ட்பேக் மட்டும், அதற்குள் இன்ஹேலர். துணிப்பை இல்லை. நான் அதைக் கவனித்ததை அவளும் கவனித்தாள்.

"நான் மேல போய்க் கதவச் சாத்திட்டுப் படுக்கறேன்" என்றாள். "நீங்க மிளகா வறுங்க."

"மிளகா வேணாம். வெங்காயம் வதக்கறேனே."

"மிளகாதான். ரெண்டே ரெண்டு கிள்ளிப் போட்டு ஏமாத்தாதீங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடையில் வைத்தேன். வாணலியில் ஒரு பிடி மிளகாயைப் போட்டு, சிம்னியை முழு வேகத்தில் விட்டேன்.

"வருதா?"

"இல்ல."

மிளகாய் சிவந்தது. எனக்கே கண் எரிந்தது. "இப்ப வருதா?"

"வர்லன்றேன்ல. வறுங்க."

இன்னொரு பிடி போட்டேன். "இப்ப?"

பதில் இல்லை. போன் கட்டாகவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அதற்கும் பதில் இல்லை. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். அந்தப் படிக்கட்டை நான் அவ்வளவு வேகமாக ஏறியதே இல்லை.

கதவைத் தள்ளித் திறந்தேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சில் விசில் சத்தம் இல்லை. மகள் வீட்டு ஹால் கட்டிலில் படுத்து அவள் ஒழுங்காகத் தூங்கி எத்தனை நாளாயிற்றோ. கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

பின்னாலிருந்து நெடி வந்து சேர்ந்தது. அடுப்பை அணைக்காமல் வந்திருந்தேன். அவள் இருமிக்கொண்டு எழுந்தாள், எனக்கும் இருமல். நான் கீழே ஓடி அணைத்தபோது மிளகாய் கரியாகியிருந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று தலையில் அடித்துக்கொண்டு திரும்ப ஏறினால், அவள் மொட்டை மாடியில் கைப்பிடிச்சுவரைப் பிடித்து நின்று இன்ஹேலரை இழுத்துக்கொண்டிருந்தாள். கண்ணிலும் மூக்கிலும் நீர். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் மூச்சு நிதானத்துக்கு வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"குழாயில வர்ல" என்றாள். "நீங்க கதவத் தொறந்து போட்டீங்கல்ல, அது வழியாத்தான் வந்துச்சு."

நான் தலையை ஆட்டினேன்.

"பாப்பாவுக்குப் போன் பண்ணுங்க. கட்டிலுக்கு அடியில என் பை இருக்கு, எடுத்துட்டு வரச் சொல்லுங்க."