நேசன் அண்ணையும் என் காரின் பற்றறியும்

நேசன் அண்ணை போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவருடைய மகள் போன் எடுத்தாள். "அங்கிள், அப்பா போயிட்டார்... ஹார்ட் அட்டாக்." இறுதிக் கிரியை எப்போது என்று தெரிந்ததும் இங்கே போடுகிறேன்.

லண்டன் கிங்ஸ்பரிப் பக்கத் தமிழ் ஆட்கள் பலருக்கு அவரைத் தெரிந்திருக்கும். பெற்றோல் ஸ்டேஷனில் காசு வாங்கும் டில்லில் நின்றவர். தமிழ் முகத்தைக் கண்டால் மைக்கில், "தம்பி, போனைப் பொக்கெற்றுக்கை வையும், பம்ப் வெடிக்கும்!" என்று கத்துவாரே... அவரேதான்.

நான் பக்கத்துக் கராஜில் கார் வயரிங், பற்றறி பார்க்கும் ஓட்டோ எலக்ட்ரீஷியன். தேத்தண்ணி வாங்கப் போகும்போதெல்லாம் எங்களுக்குள் சண்டை.

"வெயிலுக்கை பெற்றோல் அடிக்காதை தம்பி, விரிஞ்சு நிக்கும். விடிய வெள்ளண அடி. லாபம்."

"அண்ணை, டாங்க் நிலத்துக்குக் கீழை இருக்கு. அங்கை என்ன வெயில்? விசர்க் கதை கதையாதேங்கோ."

"ஜெர்மனியிலை எல்லாரும் அப்பிடித்தான் அடிக்கிறவங்கள்."

அதோடு கதை முடிந்தது. லண்டனுக்கு வருமுன் கனகாலம் ஜெர்மனியில் இருந்தவர். எந்த வழக்கிலும் அவருடைய கடைசிச் சாட்சி ஜெர்மன்காரன்தான். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சொல்வார்களே, அண்ணையின் முயல் ஜெர்மன் முயல் வேறு.

ஒருமுறை கார்க் கண்ணாடியில் தேவார சிடி ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். ஸ்பீட் கமராவின் வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்துவிடுமாம், நம்பர் பிளேட் படத்தில் விழாதாம். அடுத்த மாதமே ஃபைன் வந்தது. இப்போதாவது ஒத்துக்கொள்வார் என்று ஆசையாகப் போய்க் கேட்டேன்.

"சிடி மற்றப் பக்கம் திரும்பி நிண்டிட்டுது தம்பி" என்றார். முகத்தில் ஒரு துளி வெட்கம் இல்லை!

எனக்கு உண்மையாகவே கோபம் வரும். ஒன்றும் தெரியாமல் இவ்வளவு உறுதியாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பொறுக்காது.

பிறகு எனக்கு வலிப்பு வந்தது. லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தேன், கராஜ் வேலையும் போனது.

ஹீத்ரோ எயார்போட்டுக்கு ஏற்றி இறக்க என்னைக் கூப்பிட்ட ஆட்கள் எல்லோரும்... கோபமில்லை, எல்லோருக்கும் ஷிப்ட், பிள்ளைகள். ஆனால் போன் அடிப்பது நின்றுவிட்டது. வீட்டில் நான் தனி ஆள். சில நாட்களில் ஒரு மனிதரோடும் வாய் திறந்திருக்க மாட்டேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைத் தட்டினார் அண்ணை.

"காரைச் சும்மா விட்டால் பற்றறி செத்துப்போம். கிழமைக்கு ஒருக்கால் பத்து நிமிசம் ஸ்டார்ட்டிலை விட வேணும். கார்த் திறப்பைத் தா."

நின்ற இடத்தில் பத்து நிமிடம் ஓடவிட்டால் ஸ்டார்ட்டுக்குச் செலவான சார்ஜே திரும்பி வராது, பற்றறி இன்னும் இறங்கத்தான் செய்யும் என்று விளக்கினேன். என் தொழிலே அதுதான். கேட்டால்தானே.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறு காலையும் வந்தார். லைசென்ஸ் இல்லாதவன் சொந்த வீட்டு வாசல் டிரைவ்வேயில்கூட ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கக்கூடாது என்பது அவருடைய இன்னொரு சட்டம். அதனால் என் காரில் நானே பாசஞ்சர்.

ஹீற்றரைப் போட்டுவிட்டு, எங்கும் போகாமல், உள்ளே இருந்து சண்டை பிடிப்போம். பத்து நிமிடத்தில் எஞ்சினை நிற்பாட்டிவிடுவார், சண்டை ஒரு மணித்தியாலம் ஓடும். கார் ஓடுகிற மாதிரி இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடிதான் கதைப்பார்.

கார் ஸ்டார்ட் ஆனவுடன் ஒவ்வொரு முறையும் என் பக்கம் திரும்பி, "பாத்தியே?" என்பார்.

முதல் வின்ரர்க் குளிரில் ஒருநாள் ஸ்டார்ட் ஆகவில்லை. டிக் டிக் என்று சத்தம் மட்டும்.

நான் சொன்னபடியே நடந்துவிட்டது. எத்தனை வருஷத்துச் சண்டை... கடைசியில் எனக்கு வெற்றி. சொல்லிக்காட்ட வாயைத் திறந்துவிட்டேன்.

அண்ணை திறப்பை உருவிக் கையில் வைத்துக்கொண்டு, "அப்ப நான் வந்தும் ஒரு பிரயோசனமும் இல்லைப் போலை" என்றார்.

இவர் இனி வராவிட்டால்?

"குளிருக்கு அப்பிடித்தான் அண்ணை. வாற ஞாயிறு வாங்கோ, ஸ்டார்ட் ஆகும்" என்றேன். "ஜெர்மனியிலையும் குளிருக்கு உப்பிடித்தானே?"

கொஞ்சம் யோசித்தார். "ஓம்... ஓம், அங்கையும் அப்பிடித்தான்."

அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமை பின்னேரமும் வீட்டுக் குசினி ஜன்னலால் வயரை இழுத்துப் பற்றறிக்குச் சார்ஜர் போட்டேன். ஞாயிறு அவர் வருமுன் கழற்றி ஒளித்துவிடுவேன். இதை இன்றுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

தமிழ்க் கடையில் ஆட்களைக் கூப்பிட்டு, "இவன்ரை பற்றறியை நான்தான் காப்பாத்தி வைச்சிருக்கிறன்" என்று சொல்வார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன். அடுத்த வாரம் அந்த ஆட்களும் காரை நின்ற இடத்தில் ஓடவிட்டிருப்பார்கள், பாவங்கள்.

நேற்றுச் சனிக்கிழமை. அண்ணை இல்லை என்று தெரியும். ஆனாலும் பின்னேரம் போய்ச் சார்ஜரை மாட்டினேன்.

இன்று காலை இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி இருந்தேன். மற்ற சீட் அவருடைய நீளக் காலுக்கு ஏற்றபடி பின்னால் தள்ளியே இருந்தது. எட்டித் திறப்பைத் திருப்பினேன்.

முதல் அடியிலேயே ஸ்டார்ட் ஆனது.

ஓம் அண்ணை... பாத்தன்.

போயிட்டு வாங்கோ.