மாப்பிள்ளை எந்தப் பக்கம்?

எங்கள் இவாத்சுகியில் தடுக்கி விழுந்தால் பொம்மைக் கடைதான். மார்ச் மூன்றாம் தேதி பெண்குழந்தைகளின் திருநாள் முடிந்ததும் ஊர் உலகமெல்லாம் ராஜா ராணி பொம்மைகளை அவசர அவசரமாகப் பெட்டிக்குள் வைக்கும். வெளியே விட்டுவைத்தால் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகுமாம். பொம்மை செய்கிறவர் வீட்டில் எதை எடுத்துவைப்பது? வருஷம் முழுக்கப் பரப்பித்தான் கிடக்கும். முப்பத்தெட்டு வயதாகியும் சிஸுருவுக்குக் கல்யாணம் ஆகாததற்கு ஊர் சொன்ன காரணம் அதுதான்.

அவளும் அவள் அப்பா எய்க்கிச்சியும் பொம்மைகளுக்கு உடுத்துகிறவர்கள். வைக்கோல் உடம்பில் சரிகைப் பட்டை அடுக்கடுக்காகச் சுற்றிவிட்டு, கடைசியில் கம்பி வைத்த இரண்டு கைகளையும் வளைக்க வேண்டும். ஒரே மடக்கு. பிசகினால் பட்டில் சுருக்கம் விழும், திருத்த முடியாது. சிஸுரு நொடியில் மடக்கிவிட்டு அடுத்ததை எடுப்பாள். பக்கத்துப் பட்டறையில் பொம்மைக்கு முடி ஒட்டும் நான் அந்த நொடியில் கண்ணை மூடிக்கொள்வேன்.

தலைகள் கியோத்தோவிலிருந்து வரும். அவற்றை அப்பாவோடு சேர்ந்து செய்யும் நவோமிச்சி பார்சலுக்குள் நாலு வரி எழுதிவைப்பான். இவளும் பதில் எழுதினாள். மூன்று வருஷத்தில் அது கல்யாணத்தில் வந்து நின்றது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

விருந்தன்று காலை, கூடத்துச் சுவரோரம் மணமக்கள் உட்கார இரண்டு மெத்தை போட்டோம். பார்க்கிறவர்களுக்கு இடப்பக்கம் மாப்பிள்ளை. எங்கள் ராஜா பொம்மை அங்கேதான் உட்காரும். மாப்பிள்ளையின் அப்பா தத்சுவோ வந்தார், பார்த்தார், மெத்தைகளை மாற்றிப் போட்டார். கியோத்தோவில் ராஜா பொம்மை உட்காருவது வலப்பக்கம்.

"சம்பந்தி, இது எங்க ஊரு" என்று எய்க்கிச்சி பழையபடி மாற்றினார்.

"ஆயிரம் வருஷம் ராஜா இருந்தது எங்க ஊருல. நாங்க சொல்றதுதான் முறை."

"இப்ப அந்த ராஜா எங்க பக்கம்தானே குடிவந்திருக்காரு?"

நாலு தடவை மெத்தைகள் இடம் மாறின. தத்சுவோவின் முகம் சிவந்துவிட்டது. "என் பையன் தப்பான பக்கம் உக்காந்தா எங்க ஊரு பொம்மைக்காரங்க சிரிப்பாங்க. பெட்டியக் கட்டுங்க, ரயிலப் புடிப்போம்."

நவோமிச்சி இரண்டு மெத்தைகளையும் மாறிமாறிப் பார்த்தான். எனக்கு அழுகையே வந்தது. இத்தனை வருஷம் கழித்துக் கூடிவந்த கல்யாணம் இரண்டு மெத்தையால் முறிவதா?

சிஸுரு கல்யாணப் பட்டோடு வந்து மெத்தைகளைத் தூக்கினாள். கூடத்துக்கு நட்டநடுவில் போட்டாள்.

"மாமா, நீங்க இங்க, எங்களுக்கு நேரா உக்காருங்க. அவரு உங்களுக்கு வலப்பக்கம். சரியா?"

"சரி."

"அப்பா, நீங்க எங்களுக்குப் பின்னாடி. அங்கேர்ந்து பாத்தா அவரு இடப்பக்கம்."

"பொண்ணு கல்யாணத்துல அப்பன் முதுகையா பாக்கறது?"

"மாமா தல செய்றவரு, மொகத்தப் பாக்கட்டும். பொம்மைக்கு உடுத்தினது சரியான்னு நீங்க எந்தப் பக்கம்பா பாப்பீங்க?"

எங்கள் ஊரில் கடைக்காரர்கூடப் பொம்மையை முதலில் திருப்பி முதுகைத்தான் பார்ப்பார். எய்க்கிச்சி முனகிக்கொண்டே போய்ப் பின்னால் உட்கார்ந்தார்.

சிவப்பரிசிச் சோறும் மீனும் வந்தன. எய்க்கிச்சி சாப்பிடவில்லை. நவோமிச்சியின் கழுத்துப் பட்டியையே முறைத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது கிண்ணம் சாராயம் உள்ளே போனதும் பொறுக்கமுடியாமல் தவழ்ந்து போய், பட்டியை இழுத்துவிட்டு, தோளில் விழுந்த மடிப்பை நீவினார். நீவிய கை அங்கேயே இருந்தது.

"இப்பத்தான் சரியா இருக்கு, மாப்ள" என்றார். பிறகு எட்டிப் பார்த்து, "இந்தக் கோணல் அங்கேர்ந்து தெரிஞ்சிருக்காது, சம்பந்தி."

"அதுக்குத்தானே உங்கள அங்க உக்கார வெச்சிருக்கா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் தத்சுவோ.