விருந்தாளியின் கையில் கத்தி

பஸ்மினா என் மகனின் மனைவி. சாய்ந்தமருதில், எங்கள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டே ஸ்பானிய மொழி படித்தவள்.

குவைத்துக்கு வீட்டுவேலைக்கு ஆள் பிடிக்கிற முகவர் எங்கள் வாசலுக்கும் வந்து போனார். பிள்ளைகளை விட்டுப் போகவே மாட்டேன் என்று நின்றாள் அவள். அப்போதுதான் அறுகம்பேயில் விடுதி நடத்தும் ஜவுபர் ஒரு வழி சொன்னான். ஆர்ஜென்டினாப் பெண்கள் சமையல் பழக வருகிறார்களாம். அவர்கள் பாஷையிலேயே சொல்லிக்கொடுத்தால் சுற்றுலாப் பருவம் முழுக்க அவளுக்கு வேலை. முடியாவிட்டால் கொழும்பிலிருந்து வேறு ஆள்.

கைபேசியை மிளகாய்த்தூள் போத்தலில் சாய்த்து வைத்துப் படித்தாள். நடக்கிறதை நடக்கிறபடி சொல்வது சீக்கிரம் பிடிபட்டது. ‘கோர்த்தான்’ என்றால் அவர்கள் வெட்டுகிறார்கள்; முன்னால் நிற்கிறவர்களைப் பார்த்துச் சொன்னாலும் அதே சொல்தானாம். ஆனால் அவர்கள் வெட்ட வேண்டும் என்று நாம் விரும்பினால் சொல்லின் கடைசி மாறுமாம்: ‘கியெரோ கே கோர்த்தென்’. ‘ஆர்’ என்று முடிகிற வினைக்கு ஆ போய் எ வரும். ‘ஏர்’, ‘ஈர்’ என்று முடிகிறவற்றுக்கு எ போய் ஆ வரும். சாப்பிடுகிறார்கள் என்றால் ‘கோமென்’, சாப்பிட வேண்டும் என்று விரும்பினால் ‘கோமான்’. திறக்கிறார்கள் என்றால் ‘ஆப்ரென்’, திறக்க வேண்டுமென்றால் ‘ஆப்ரான்’. அம்மியில் சம்பல் அரைத்தாலும் வாயில் இதுதான்.

“ஆசைப்படுறதுக்கு வேற வாலா? வெட்டுங்க எண்டு செல்லிப்போட்டு விடன் புள்ள” என்றேன்.

“வந்தவங்களுக்கு உத்தரவு போடலாமா மாமி? எனக்கு வாய் வராது.”

முதல் வகுப்புக்கு, விடுதிக் குசினிக்கு, நானும் துணைக்குப் போனேன். நான்கு பெண்கள் வந்தார்கள். பஸ்மினா அவர்களைக் கதிரையில் உட்கார்த்தித் தேத்தண்ணி கொடுத்தாள். பிறகு வெங்காயத்தை உரித்தாள், மீனைக் கழுவினாள், எல்லாம் தானே செய்தாள். உயரமான ஒருத்தி கத்தியைத் தொட வந்தபோது வெடுக்கென்று முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். விருந்தாக வந்தவளை வேலை வாங்குவது வெட்கமில்லையா? எனக்கும் அது சரியென்றே பட்டது.

ஜவுபர் எட்டிப் பார்த்தான். பஸ்மினாவை அக்கா முறையில் ராத்தா என்றுதான் கூப்பிடுவான்.

“ராத்தா, இவங்க கலியாணத்துக்கா வந்திரிக்காங்க? சமைக்கப் பழக வந்தவங்க. இப்பிடியெண்டா நாளைக்கே கொழும்பு ஆளக் கூப்பிடுவன்.”

பஸ்மினாவின் முகம் சிவந்தது. முக்காட்டை இறுக்கிக்கொண்டாள். கத்தியைக் கழுவித் துடைத்து, பிடிப்பக்கம் அந்த உயரமானவளுக்கு நீட்டினாள்.

“கியெரோ கே... கோர்த்தான்.”

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பொறுங்க!” என்று பஸ்மினா தமிழிலேயே கையைக் காட்டினாள். கண்ணை மூடித் திறந்து, “கியெரோ கே கோர்த்தென்” என்றாள் நிதானமாக.

கத்தி கை மாறியது. பிறகு அவள் நிற்கவில்லை. தேங்காயைக் கொடுத்து “கியெரோ கே ஆப்ரான்” என்றாள். ஒருத்தி ஓங்கிப் போட்ட போட்டில் தேங்காய்த் தண்ணீர் ஜவுபர் உடுத்திருந்த சாரத்தில் தெறித்தது.

“ஆசப்பட்டது போதும் ராத்தா!” என்று பின்னுக்குப் பாய்ந்தான்.

சோறும் கறியும் பெரிய சஹன் தட்டில் போட்டு, எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். பஸ்மினா ‘பிஸ்மில்லாஹ்’ சொல்லி, மீன் துண்டை அவர்கள் பக்கம் தள்ளி, “கியெரோ கே கோமான்” என்றாள். அது தடங்கலில்லாமல் வந்தது.

“நாளைக்கும் வருவீங்கதானே ராத்தா?” என்றான் ஜவுபர், சாரத்தைப் பிழிந்துகொண்டே.

“ஓம், முதல் பஸ்ஸில. பருவம் முடியுமட்டும் வருவன். அந்தக் கொழும்பு ஆளுக்குச் செல்லிருங்க.”

ஒருத்தி வெறும் சஹனைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். நான் பதறி எழுந்தேன். பஸ்மினா என் கையைப் பிடித்தாள்.

“இரிங்க மாமி.”

“கழுவுறதுக்கும் ஒரு வால் படிச்சிரிக்கியா?”

“ஓம். லாவென்.”

நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்திருப்பது இலேசாக இருக்கவில்லை.