மாலதி சொன்ன இரண்டாவது சாட்சி

செம்மண்டலத்துச் சபையில் மாலதி முதன்முதலாகச் சாட்சி சொன்னபோது அழாதவர்கள் குறைவு. மகள் சுவேதாவுக்கு ஒன்பது வயதிலிருந்து வலிப்பு. சிதம்பரத்து டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை வேளை தவறாமல் கொடுத்துவந்தாள். இடையில் பக்கத்து வீட்டு சவரியம்மாள் ஜெபத்துக்கு அழைத்துப் போனாள். அதற்குப் பிறகு எட்டு மாதம் வலிப்பு வரவேயில்லை. இயேசு என் பிள்ளையைச் சுகமாக்கினார் என்று சபையில் சொன்னாள். மாத்திரையைப் பற்றிச் சொல்லவில்லை. பொய் சொல்ல நினைக்கவில்லை. அந்த நேரத்தில் அது வாயில் வரவில்லை, அவ்வளவுதான்.

பாஸ்டர் அவளைக் கிள்ளை ஊரில் நடந்த ஜெபக் கூட்டத்துக்கும் அழைத்துப் போய்ப் பேசவைத்தார். திரும்பி வந்தவளுக்கு மாத்திரை அட்டையைக் கையில் எடுக்கவே கூசியது. சுகமாகிவிட்டது என்று ஊரறியச் சொல்லிவிட்டு இதை எப்படிக் கொடுப்பது? யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அவளாகவே நிறுத்தினாள். ஆட்டோ ஓட்டும் கணவன் இளவரசுவிடமும் மறைத்தாள்.

இருபத்து மூன்றாம் நாள், குளிக்கப் போன சுவேதா வெளியே வரவில்லை. கதவை உடைத்துப் பார்த்தபோது தொட்டி விளிம்பில் தலை மோதிக் கிடந்தாள். உயிர் இல்லை. பதினான்கு வயது.

இரண்டு மாதம் கழித்து பாஸ்டர் வந்தார். இவ்வளவு துக்கத்திலும் கர்த்தர் தாங்குகிறார் என்று நாலு வார்த்தை சொன்னால் மற்றவர்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்றார். மாலதி சரி என்றாள். ஆனால் சனிக்கிழமை சாயங்காலமே இளவரசுவை உட்காரவைத்து நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டாள். அவன் அடிக்கவில்லை, கத்தவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டான். பிறகு துணிமணியை எடுத்துக்கொண்டு சிதம்பரத்தில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டான்.

மறுநாள் சபையில் மாலதி மைக்கைப் பிடித்தாள்.

"எம் பொண்ணு மாத்திர சாப்பிட்டுக்கிட்டுதான் நல்லா இருந்தா. அத நான் உங்ககிட்ட சொல்லல. அப்புறம் நான் சொன்னத நானே நம்பி மாத்திரைய நிறுத்திட்டேன். ஜெபம் பண்ணுங்க, மாத்திரையும் குடுங்க. இயேசு என்னைய விட்டுட்டாருன்னு சொல்ல வரல. அவரு முன்னாடி என்னாலதான் தல நிமிர முடியல."

யாரும் ஆமென் சொல்லவில்லை. பாஸ்டர் மைக்கை வாங்கிக்கொண்டு பாட்டுக்குக் கைகாட்டினார். வெளியே வந்ததும், இதைத் தன்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம் என்றார். சவரியம்மாள் மட்டும் வீடுவரை கூட நடந்து வந்தாள்.

மாலதி இப்போதும் சபைக்குப் போகிறாள், கடைசி வரிசைக்கு. சாட்சி சொல்ல அவளை யாரும் கூப்பிடுவதில்லை. மாதம் ஒருமுறை பஸ் ஏறி சிதம்பரம் போகிறாள். கொழுந்தன் வீட்டு வாசலில் இளவரசு ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருப்பான். சாப்பிட்டீங்களா என்று கேட்பாள். அவன் தலையை மட்டும் அசைப்பான்.