என் போனுக்குள் போன சம்மந்தியின் தபால்

அந்த டச் போனை அனுப்பியவர் மருமகன். மகளும் அவரும் வெளிநாட்டில் இருந்தார்கள். லீவில் ஊருக்கு வந்த ஒரு நண்பர் கையில் கொடுத்துவிட்டிருந்தார். இரண்டாயிரத்துப் பன்னிரண்டு வாக்கில் இருக்கும். அதற்கு முன்பே என் முட்டிகள் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்பதை நிறுத்தியிருந்தன. புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளும் தெம்பு சுத்தமாக இல்லை. பட்டன் போனில் பச்சையை அமுக்கினால் பேச்சு, சிவப்பை அமுக்கினால் நிம்மதி. என் காலம் அப்படியே ஓடிவிடும் என்றுதான் நினைத்திருந்தேன்.

திண்டிவனத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு மொபைல் கடை. நடத்தியவள் ஒரு கைக்குழந்தைக்காரி. குழந்தையைத் துணித் தொட்டிலில் போட்டு, காலால் ஆட்டிக்கொண்டே கையால் போன்களை நோண்டுவாள். போனையும், மெயில் முகவரியும் பாஸ்வேர்டும் எழுதிய துண்டுச் சீட்டையும் அவளிடம் கொடுத்தேன்.

அந்த முகவரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது இரண்டு வீட்டுக்கும் பொது. திண்டிவனத்தில் எனக்கொன்று, விழுப்புரத்தில் தன் அம்மாவுக்கொன்று என்று எதற்கு என்று நினைத்த மருமகன், ஒரே ஒரு முகவரியைத் தொடங்கி, சீட்டை மட்டும் இரண்டாக எழுதிக் கொடுத்திருந்தார். வீட்டுக்கொரு சாவி போல. சம்மந்தியம்மா தன் சீட்டை வாங்கி அம்மன் படத்துக்குப் பின்னால் சொருகிவிட்டு, “எனக்கு எதுக்கு இதெல்லாம்” என்று சொன்னதாகக் கேள்வி. நாங்கள் மாதா கோயில்காரர்கள், அவர்கள் அம்மன் கோயில்காரர்கள். பிள்ளைகள் ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அந்த அம்மாவுக்கு மகனோடு பேச்சு வார்த்தை கிடையாது. போனில் மகன் குரல் கேட்டால் உடனே வைத்துவிடுவார். என்னோடு மட்டும் பேசுவார். திட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டுமே.

கடைக்காரி போனிலிருந்து தலையைத் தூக்கினாள்.

“ஆயா, பாப் போடட்டுமா, ஐமேப் போடட்டுமா?”

“எது சூடா இருக்குதோ அதப் போடு.”

“சொம்மா இரு ஆயா. ரெண்டு தினுசு இருக்குது. ஐமேப்னா மெயிலெல்லாம் அங்க பெட்டியிலயே இருக்கும். நீ போன் வழியா எட்டிப் பார்த்துக்கினு வர்ற, அவ்ளோதான். பாப்னா மொத்தத்தையும் வழிச்சு உன் போனுக்குக் கொண்டாந்துடும். கொண்டாந்தப்புறம் அங்க ஒரு காப்பி விடவா, அழிக்கவான்னு வேற கேக்குது.”

“அங்கயே இருந்தா கண்டவங்களும் பார்ப்பாங்களா?”

“பாஸ்வேர்டு தெரிஞ்சவங்க பார்ப்பாங்க.”

“அப்போ அழிச்சுடு. எல்லாத்தையும் வூட்டுக்குக் கொண்டா.”

“யோசிச்சுச் சொல்லு ஆயா. அப்புறம் அங்க ஒண்ணுமே இருக்காது.”

“தபால்னா வூட்டுக்குத்தான் வரணும்.”

நான் யோசிக்காமல் சொல்லவில்லை. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் பட்ட அவமானத்தை யோசித்துத்தான் சொன்னேன். தொண்ணூற்று மூன்றில் நாங்கள் ஒலக்கூர் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தோம். தபால்காரர் வெயிலுக்குப் பயந்து ஊருக்குள் வரமாட்டார். ரோட்டோர டீக்கடையில் ஊர்த் தபால் மொத்தத்தையும் போட்டுவிட்டுப் போய்விடுவார். ஒருமுறை, மாமியார் காய்ச்சும் கேப்பைக் கூழ் வாயில் வைக்க முடியவில்லை என்று என் அம்மாவுக்கு ரகசியமாக எழுதிவிட்டேன். அம்மா பதில் போட்டாள், கார்டில். “உங்க மாமியார் கூழுல உப்பு போடலன்னா நீ ஒரு கல்லு போட்டுக்கினு குடி.” அந்தக் கார்டு நாலு நாள் டீக்கடையில் கிடந்தது. நான் போய் வாங்குவதற்குள் ஊரே படித்துவிட்டது. மாமியார் சாகும்வரை என் கும்பாவுக்குப் பக்கத்தில் உப்பு ஜாடியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் தான் சாப்பிட உட்காருவார்.

ஆகவே, வழித்துக் கொண்டு வரச் சொன்னேன். கடைக்காரி எதையோ அமுக்கினாள். பழைய படங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக என் போனில் வந்து விழுந்தன. பேரன் பிறந்தது, குப்புற விழுந்தது, நடந்தது. எல்லாம் வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

மகள் தாளில் கைப்பட எழுதி, அதைப் படம் பிடித்து மெயிலில் அனுப்புவாள். நான் ஐந்தாவதோடு நின்றவள். ஆனாலும் அவள் கையெழுத்தை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். போன் வந்த இரண்டாவது வாரம் வேறொரு கையெழுத்தில் ஒரு தாள் வந்தது. மருமகன் எழுதியது. எனக்கல்ல, அவர் அம்மாவுக்கு. அது தெரிந்தபோது நான் மூன்றாவது வரியில் இருந்தேன். மூன்று வரி படித்தாயிற்று, மிச்சத்தை விட்டு என்ன ஆகப் போகிறது என்று முழுவதையும் படித்தேன்.

“அம்மா, புள்ளைக்கு இன்னும் முடி எடுக்கல. திருவக்கரையில நம்ம அம்மன்கிட்டதான் எடுக்கணும்னு வச்சிருக்கோம். அவளும் சரின்னுட்டா. நீ வந்து பக்கத்துல நிப்பியா? வர்றேன்னு ஒரு வார்த்த சொல்லு, அன்னைக்கே டிக்கெட் போடறேன். நீ வரலன்னா நாங்க ஊருக்கு வந்து இன்னா பிரயோஜனம்?”

ஞானஸ்நானம் என்ன ஆயிற்று என்று போனையே கேட்டேன். அப்புறம், வரட்டும், மொட்டைத் தலையில் தண்ணீர் ஊற்றினால் சீக்கிரம் காயும் என்று தேற்றிக்கொண்டேன். பேரனை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன். கையில் தூக்கியதில்லை. தூக்க முட்டி விடுமா என்பது வேறு விஷயம்.

எனக்கு வந்த மாதிரி சம்மந்திக்கும் அது போயிருக்கும் என்றே நினைத்தேன். முகவரி ஒன்றுதானே. ஒரு மாதம் ஆனது. மகளிடமிருந்து ஒரு தாள் வந்தது. “அத்த சனிக்கிழம சனிக்கிழம பிரௌசிங் சென்டருக்குப் போறாங்கன்னு இவரு பிரண்டு பார்த்துட்டு வந்து சொன்னாரும்மா. பார்த்துட்டும் ஒரு பதில் போடல. இவரு சரியா சாப்புடறதில்ல. இந்த வருஷம் நாங்க வரலம்மா.”

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் முட்டிவலி தெரியவில்லை. பஸ் ஏறிய பிறகுதான் தெரிந்தது. விழுப்புரம் வரைக்கும் சூரியன் என் பக்கத்து ஜன்னலிலேயே உட்கார்ந்து வந்தது. திட்டுவதற்கு நாலு வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். இறங்கி, ரயில்வே கேட் தாண்டி நடந்ததில் இரண்டு வார்த்தை மறந்துபோனது.

சம்மந்தி முறத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தார்.

“வாங்க. சண்டைக்கா, சாப்பாட்டுக்கா?”

“மொதல்ல தண்ணி. மத்தது அப்புறம்.”

சொம்பைக் கொடுத்தார். நான் குடித்து முடித்து வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

“நீங்க வந்தது நல்லதாப் போச்சு சம்மந்தி. உங்க பொண்ணுகிட்ட சொல்லிடுங்க. எம்புள்ளைய நான் வேணாம்னுதான் சொன்னேன், ஒத்துக்கறேன். அதுக்குன்னு படத்தைக் கூடவா அழிக்கணும்?”

“இன்னா படம்?”

“பேரன் படந்தான். நான் பார்க்கறதே இல்லன்னு நெனச்சீங்களா? காய் வாங்கப் போறப்ப அப்படியே போய்ப் பார்த்துக்கினுதான் வந்தேன். அஞ்சு வாரமா பெட்டி காலி. புதுசும் வரல, பழசும் இல்ல. தவழ்ந்து வருவானே, அந்தப் படம் கூட இல்ல. அம்மா மூஞ்சியே வேணாம்னு தொடச்சுட்டான் போல.” கையிலிருந்த மல்லாட்டையை உரிக்காமல் அப்படியே முறத்தில் போட்டார். “போவட்டும். எனக்கு இன்னா.”

அப்புறம் அங்க ஒண்ணுமே இருக்காது. கடைக்காரி சொன்னது நினைவுக்கு வந்து, அந்த வெயிலிலும் எனக்குக் குளிரெடுத்தது. அந்தம்மாவின் மகனையும் பேரனையும் வழித்து எடுத்து ஐந்து வாரமாக என் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தவள் நான்தான்.

அப்படியே சொல்லியிருக்கலாம். சொன்னால், நான் படித்ததையும் சொல்ல வேண்டும். மகன் தன்னிடம் கெஞ்சியது எனக்குத் தெரியும் என்று தெரிந்தால் அந்த அம்மா அந்தத் தாளைக் கையால் தொடமாட்டார். எனக்குக் களைப்பாக இருந்தது. களைப்பில் எனக்குப் பொய் நன்றாக வரும்.

போனை எடுத்து அந்தத் தாளைத் திறந்து நீட்டினேன்.

“சம்மந்தி, இதுல இன்னாவோ வந்திருக்குது. எம்பொண்ணு எழுத்து மாதிரி தெரியல. எனக்குக் கண்ணு சுத்தமாத் தெரிய மாட்டேங்குது. நீங்க எட்டாவது படிச்சவங்க, கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க.”

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். “அம்மா” என்று சத்தமாகப் படித்தார். அடுத்த வரியையும் சத்தமாகத்தான் தொடங்கினார். பாதியில் சத்தம் நின்றுவிட்டது. உதடு மட்டும் அசைந்தது. நான் அவர் விட்ட மல்லாட்டையை எடுத்து உரித்தேன். ஒரு கைப்பிடி சேர்ந்தது.

“இது எனக்கு எழுதினதாச்சே. உங்க போனுல எப்படி வந்திச்சு?”

“கடையில ரெண்டு தினுசு சொன்னாங்க சம்மந்தி. நாந்தான் எல்லாத்தையும் வூட்டுக்குக் கொண்டான்னு சொல்லிட்டேன். அதுல உங்களுதும் சேர்ந்து வந்துடுச்சு. பெட்டி காலியானது என்னாலதான். உங்க புள்ள ஒண்ணும் அழிக்கல.”

“அப்போ இதப் படிச்சிருப்பீங்க.”

“நான் எங்க படிச்சேன்? அதான் கண்ணு தெரியலன்னேனே.”

“கண்ணு தெரியாதவங்க பஸ்சு போர்டு எப்படிப் பார்த்து ஏறுனீங்க?”

“கண்டக்டர் கத்துனான்.”

திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. “பேஜாரு புடிச்ச பொம்பள” என்று முனகிக்கொண்டு எழுந்து போய், காலண்டரில் பழைய தாள் ஒன்றைக் கிழித்தார். பின்பக்கத்தில் எழுதினார். நான் பார்க்கவில்லை. பார்த்தேன், தலைகீழாக. இரண்டே வரி. “வர்றேன். ஜல்தி டிக்கெட் போடு. புள்ளைக்குத் தொப்பி எடுத்துக்கினு வா, மொட்ட போட்டா வெயில் தாங்காது.”

அதைப் படம் பிடிக்க எனக்கு நாலு தடவை ஆனது. மூன்றில் என் கட்டைவிரல் நன்றாக விழுந்திருந்தது. கடைக்காரி சொல்லிக் கொடுத்திருந்த, பதில் போடும் வளைந்த அம்பை அமுக்கி, நாலாவதை அனுப்பினேன். அப்புறம் இருவரும் சாப்பிட்டோம். கூட்டில் உப்பு தூக்கலாக இருந்தது. அதை நான் யாருக்கும் எழுதவில்லை.

மறுநாள் கடைக்காரியிடம் போய் ஐமேப்புக்கு மாற்றச் சொன்னேன்.

“நான் அப்பவே சொன்னேனா இல்லியா ஆயா?”

“சொன்ன. அதுக்குன்னு என் நெத்தியில எழுதி ஒட்டுவியா?”

புதிதாக வருவது இனிமேல் இரண்டு பக்கமும் தெரியும், ஆனால் பழையது தானாகத் திரும்பிப் போகாது என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, படங்களை ஒவ்வொன்றாக அந்த முகவரிக்கே திருப்பி அனுப்ப உட்கார்ந்தாள். அவள் குழந்தை இரண்டு தடவை தூங்கி எழுந்தது. தொட்டிலை நான்தான் ஆட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை காலையில் மருமகன் தாள் வந்தது. டிக்கெட் போட்டாச்சு, மாதா கோயில் பூசைக்கும் ஒரு ஞாயிறு ஒதுக்கியாச்சு. மூன்று தடவை படித்துவிட்டுப் படுத்திருந்தேன். பதினோரு மணி இருக்கும். சம்மந்தி போன் அடித்தார். பின்னால் மார்க்கெட் சத்தம்.

“இன்னா சம்மந்தி, பார்த்தீங்களா?”

“இன்னாத்த?”

“டிக்கெட் போட்டுட்டான்! எனக்கு வந்துடுச்சு. உங்களுக்கு இன்னும் வரலியா?”

“எனக்கு ஒண்ணும் வரலியே சம்மந்தி. இன்னான்னு எழுதியிருக்குது? மெதுவாச் சொல்லுங்க,” என்று முட்டியை நீட்டிக்கொண்டு கேட்டேன்.