படப்பை வரை ஓடியது

மாரத்தானை முடித்துவிட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிப் பகுதியை ஓடவில்லை, நடந்தேன். அதுவும் நொண்டி நொண்டி. முடிவில் கழுத்தில் ஒரு மெடல் மாட்டி, கையில் ஒரு வாழைப்பழம் கொடுத்தார்கள். அந்த நாளைப் பற்றிச் சொல்ல எனக்கு அவ்வளவுதான் இருக்கிறது. மீதி எல்லாம் அதற்கு முந்தைய மாதங்களில் நடந்தது.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. மேற்குத் தாம்பரத்தில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை, மூக்கில் மாட்டுகிற கண்ணாடி. ஓட்டத்துக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். தெருமுனைக்குத் தயிர் வாங்கப் போவதற்கும் வண்டியை எடுக்கிற ஆள் நான். "பாத்துப் போங்க, வண்டிக்குக் கால் வலிக்கப் போவுது" என்று என் மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். அவள் சொல்லிவிட்டுச் சிரிக்கிற சிரிப்பு பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்.

அவள் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. புற்றுநோய். ஆஸ்பத்திரியில் இனி செய்ய ஒன்றும் இல்லை என்று கைவிரித்த பிறகு, படப்பையைத் தாண்டி உள்ளே இருக்கும் ஓர் இல்லத்தில் கடைசி நாட்களைக் கழித்தாள். குணமாகாதவர்களை வைத்துக்கொண்டு, வலி தெரியாமல் பார்த்து அனுப்புகிற இடம். ஒரு பைசா வாங்கமாட்டார்கள். தூங்குவதுபோலத்தான் போனாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போக எனக்கு மனம் வரவில்லை.

அந்த இல்லத்திலிருந்துதான் வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. ஜனவரியில் நடக்கிற மாரத்தானில் இல்லத்துக்காக ஓடி நிதி திரட்டித் தர விருப்பமுள்ளவர்கள் சொல்லலாம் என்று. காலைத் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து திரும்பி, வீட்டு வாசலில் நின்று பாக்கெட்டில் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து வீட்டுச் சாவியை நான் வைத்துக்கொண்டதே கிடையாது; எப்போது வந்தாலும் கதவு திறக்கும். இப்போதும் ஒவ்வொரு தடவையும் எந்தப் பாக்கெட் என்று மறந்துபோகிறது. உள்ளே போய் என்ன செய்யப் போகிறோம் என்று நினைத்தேன். நின்ற இடத்திலேயே "நான் ஓடுகிறேன்" என்று பதில் போட்டேன். மாரத்தான் எவ்வளவு தூரம் என்பதையே பிறகுதான் பார்த்தேன்.

இல்லத்தில் நிதி விஷயங்களைக் கவனிக்கும் பெண் போனிலேயே சொல்லிக்கொடுத்து என் பெயரில் இணையத்தில் ஒரு பக்கம் அமைத்தார். "ஏன் ஓடுறீங்கன்னு நாலு வரி எழுதுங்க சார். மனசுல இருக்கிறத அப்படியே எழுதுங்க" என்றார். என் மனைவியின் பெயரைப் போட்டு எழுதினேன். அவளைத் தெரிந்தவர்கள் தங்களால் முடிந்ததைக் கொடுத்துப் பெயரைப் பதியுங்கள் என்று முடித்தேன்.

உண்மையைச் சொன்னால் பணம் எனக்கு இரண்டாம்பட்சம். கொடுத்தவர்கள் பெயர் அந்தப் பக்கத்தில் வரிசையாக வரும். அவள் பெயருக்குக் கீழே அவளுடைய மனிதர்களின் பெயர்களைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்குப் பின்னால் அவளை நினைக்க ஒரு ஆளாவது இருக்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அவளுடைய மனிதர்கள் என்றால் முதலில் அவளுடைய அண்ணன், என் மச்சான். பல்லாவரத்தில் தோல் வியாபாரம். அவள் இருந்தவரை ஞாயிறு தவறாமல் குடும்பத்தோடு எங்கள் வீட்டில்தான் இருப்பார். நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதிவிட்டுப் போனவர் அதோடு சரி. பெருநாளுக்குப் போனில் ஒரு வாழ்த்து வரும், நானும் ஒரு வாழ்த்து போடுவேன். அவர் வராததால் மற்றவர்களும் வரவில்லை. ஒரு மனுஷி போனதும் இத்தனை பேர் சேர்ந்து போய்விடுவார்கள் என்று நான் நினைத்ததே இல்லை.

அவள் குடும்பத்தின் வாட்ஸப் குழுவில் நான் இன்னும் இருக்கிறேன். அதில் அந்தப் பக்கத்தின் இணைப்பைப் போட்டேன். எல்லாரும் பார்த்ததற்கு அடையாளமாக நீலக்கோடு விழுந்தது. ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. சற்று நேரத்தில் யாரோ ஒரு குழந்தை கேக் வெட்டுகிற படத்தைப் போட, மாஷா அல்லாஹ்வும் பூங்கொத்தும் மழையாகக் கொட்டின. ஒரு மாதம் கழித்து வெட்கத்தை விட்டு மறுபடியும் போட்டேன். மறுபடியும் நீலக்கோடு. கடைக்கு வருகிறவர்களில் சிலர் கொடுத்தார்கள், அவர்கள் பெயர் பக்கத்தில் ஏறியது. அவளை ஒரு நாளும் பார்த்திராதவர்கள்.

இதற்கிடையே ஓடிக்கொண்டும் இருந்தேன். தொழுகை முடிந்ததும் லுங்கியைக் கழற்றி அரை டிரவுசர் மாட்டிக்கொண்டு கிளம்புவேன். சாவி பாக்கெட்டில் கிடந்து தொடையைக் குத்தியதால் ஷூ கயிற்றில் கோத்துக்கட்டினேன். இந்த ஊரில் ஒரு ஆள் விடிகாலையில் வேர்க்க விறுவிறுக்கப் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான். முடிச்சூர் ரோட்டு டீக்கடைக்காரர் முதல் வாரமே கேட்டுவிட்டார்.

"இன்னா பாய், சுகரா? எவ்ளோ கீது?"

"சுகர் எல்லாம் இல்லப்பா, மாரத்தான் ஓடப் போறேன்."

"அத்த வுடு பாய். எங்க மாமாவுக்கும் டாக்டர் நடக்கத்தான் சொன்னாரு. நீ ஏன் ஓடிகினு கீற?"

அன்றிலிருந்து நான் கேட்காமலே எனக்குச் சர்க்கரை இல்லாத டீ வந்தது. விளக்கிச் சொல்லிப் பார்த்து அலுத்துப்போய், கசப்போடு குடித்துப் பழகினேன். ஊரில் என் உடம்பைப் பற்றி அக்கறைப்பட ஒருத்தராவது இருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததும் அழுகை வந்தது. ஒரு டீக்காக அழுகிற நிலைக்கு வந்துவிட்டேனே என்று என் மேலேயே எரிச்சலும் வந்தது.

மற்றவர்கள் கூட்டமாக ஓடுவார்கள். சேலையூர் ஏரிப் பக்கம் ஒரே நிற பனியன் போட்ட கும்பல் ஒன்று சிரித்துப் பேசிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். எல்லாம் சிறுசேரி ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கிற பிள்ளைகள். "வாங்க அங்கிள், சேர்ந்து ஓடலாம்" என்று கூப்பிட்டார்கள். இரண்டு நாள் போனேன். அவர்கள் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. எனக்காக அவர்கள் மெதுவாக ஓடியது எனக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு தனியாகவே ஓடினேன்.

வெள்ளிக்கிழமைகளில் மாலைதான் கடை திறப்பேன். அதனால் நீண்ட ஓட்டத்தை அன்றைக்கு வைத்துக்கொண்டேன். முடிச்சூர், மண்ணிவாக்கம், அப்புறம் ஒரகடத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும் கம்பெனி பஸ்களுக்கு ஒதுங்கி ஒதுங்கிக் கரசங்கால். அங்கே வந்ததும் திரும்பிவிடுவேன். இன்னும் கொஞ்சம் போனால் படப்பை, அதைத் தாண்டினால் அந்த இல்லம். கால் ஓடும், மனம்தான் அங்கே நின்றுவிடும்.

டிசம்பரில் மழை விட்ட ஒரு வெள்ளிக்கிழமை, மாரத்தானுக்கு முன்னால் ஓட வேண்டிய ஆக நீளமான ஓட்டம். கரசங்காலில் திரும்பினால் தூரம் போதாது. வீம்புக்கு ஓடினேன். அவளை எல்லாரும் மறந்துவிட்டார்கள், நானும் அவள் கிடந்த இடத்துக்குப் போகப் பயந்தால் எப்படி என்று என்னை நானே திட்டிக்கொண்டு படப்பை மார்க்கெட்டைத் தாண்டினேன். இல்லத்தின் கேட் தெரிந்தபோது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஒரு காலை இழுத்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.

சமையல்கட்டில் இருக்கும் அக்கா என்னை அடையாளம் கண்டுகொண்டார். அவர் கையால்தான் என் மனைவி கடைசியாகக் கஞ்சி குடித்தாள்.

"இன்னா பாய், இப்டி நனைஞ்சுகினு வர்றீங்க? வண்டி இன்னா ஆச்சு?" என்று பதறி, பெஞ்சில் உட்காரவைத்து, உப்புப் போட்டு ஒரு செம்பு மோர் கொடுத்தார். "நீங்க சாப்பாடு மட்டும் அனுப்பிகினு இருந்தீங்களா, இனிமே இந்தப் பக்கம் வரவே மாட்டீங்கன்னு நெனைச்சேன்."

"என்ன சாப்பாடு அக்கா?"

"வெள்ளிக்கிழமை சாப்பாடுதான். உங்க வூட்டு ஆளுங்கதான கொண்டாறாங்க. அதான், உங்க மச்சான். ஒரு வாரம் அவரு, ஒரு வாரம் சித்தி மவன், அப்புறம் அந்தப் பெரியம்மா. உங்க வூட்டு அக்கா பேருல. நீங்க சொல்லித்தான் செய்யுறாங்கன்னு இருந்தேனே."

நான் அந்தப் பக்கத்தைக் குழுவில் போட்ட வாரத்திலிருந்துதான் அவர்கள் வர ஆரம்பித்தார்களாம். பேர் போட்டு ரசீது கொடுக்கப் போனால் வேண்டாம் என்றுவிடுவார்களாம். மச்சான் வரும்போதெல்லாம் அவள் படுத்திருந்த கட்டிலில் இப்போது யார் இருக்கிறார்களோ அவர்கள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாராம்.

முதலில் வந்தது சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. அவள் பெயர் என்னோடு முடிந்துபோகாது. மாதக்கணக்கில் என்னை அரித்துக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அதற்கடுத்து வந்தது இன்னொன்று. அவளை யாரும் மறக்கவில்லை. என்னைத்தான் மறந்திருந்தார்கள். பல்லாவரத்திலிருந்து படப்பைக்குத் தாம்பரம் வழியாகத்தான் வர வேண்டும். வாராவாரம் சாப்பாட்டோடு என் தெருவைத் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

களைப்பில் அந்தப் பெஞ்சிலேயே தூங்கிப்போனேன். ஆட்டோ சத்தம் கேட்டுக் கண் விழித்தபோது மச்சான் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தார். பின்னால் வந்த ஆட்டோவிலிருந்து பெரிய தேக்சாப் பாத்திரங்களை இறக்கினார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்குக் கஞ்சி, கூட இருந்து பார்த்துக்கொள்பவர்களுக்கு நெய்ச்சோறும் தால்ச்சாவும். கரண்டியும் கையுமாகத் திரும்பிய மச்சான், அரை டிரவுசரில் என்னைப் பார்த்து அப்படியே நின்றார். தாடி முழுக்க நரைத்திருந்தது.

"மாப்ள, நீங்க எங்க இங்க?"

"ஓடி வந்தேன் மச்சான்."

"தாம்பரத்துல இருந்தா?"

ஆமாம் என்றேன். அவர் பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அந்த நெட்டுல பேரு போட்டு எழுதியிருந்தீங்க. பேரு போட்டுக் குடுக்கறது நமக்கு ஒத்து வராது மாப்ள. நாலு பேரு பாக்குற மாதிரி குடுத்தா அவளுக்குப் போய்ச் சேருமா? அதான் நேரா இங்க வந்துட்டோம். யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு எல்லார் கிட்டயும் சொல்லிவச்சேன்."

"ஊருக்குச் சொல்ல வேணாம். எனக்குமா சொல்லக் கூடாது?"

அவர் கரண்டியை மடியில் வைத்துக்கொண்டார். "உங்க வீட்டு வாசல்ல ரெண்டு மூணு தடவ வண்டிய நிறுத்தியிருக்கேன். பெல் அடிச்சா அவ வந்து தெறப்பா. நீங்க வந்து தெறந்தா என்னால தாங்க முடியாது மாப்ள. அப்படியே போயிடுவேன்."

என்னாலும்தான் தாங்க முடியவில்லை என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அக்கா தட்டுகளை அடுக்கிக்கொண்டு வர, அவர் எழுந்து பரிமாறப் போனார். நெய்ச்சோற்றின் வாசம் வராந்தா முழுக்க நிறைந்தது. அவள் கைப்பக்குவம்தான், அவளுக்கும் அவருக்கும் அவர்கள் அம்மா சொல்லிக்கொடுத்தது. விடியலிலிருந்து மோரைத் தவிர வயிற்றில் ஒன்றும் இல்லை.

"எனக்கும் ஒரு தட்டு வைங்க மச்சான்" என்றேன்.

அவர் கை நின்றது. "மாப்ள, இது அவ பேருல தர்மத்துக்குன்னு ஆக்கினது. இல்லாதவங்களுக்கு. நம்ம வீட்டு ஆளுங்க இதத் தொடக் கூடாதே."

எங்கள் வீடுகளில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. மார்க்கத்தில் அப்படித்தான் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, ஆனால் இறந்தவர் பெயரில் தர்மத்துக்காக ஆக்கியதை வீட்டார் வாயில் வைக்கமாட்டார்கள். எனக்கும் அது தெரியும். தெரிந்தும் கேட்டேன்.

"நம்ம வீட்டு ஆளுன்னா யாரு மச்சான்? நாப்பதாம் நாளுக்கு அப்புறம் நான் எந்த வீட்டு ஆளு?"

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. கஞ்சி குடித்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். மச்சான் கரண்டியை அக்காவின் கையில் கொடுத்துவிட்டு, தேக்சாவை மூடினார்.

"மாப்ளைக்கு இங்க தட்டு கெடையாது" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. "எந்திரிங்க. ஜும்மாவுக்கு இன்னும் நேரம் இருக்கு. நம்ம வீட்டுல சோறு இருக்கு, வாங்க."

எழ முயன்றேன், கால் மடங்கியது. அவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, ஸ்கூட்டரின் பின் சீட்டில் உட்காரவைத்தார்.